மலைப் பாதைக்கு எந்த அளவு டயர்? பழனி மலைக்கு முதல்முறை ஃபோர் வீல் வண்டி கொண்டுவருபவர்களுக்கு

கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைத்தொடரில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் ஒரு தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள், அல்லது மன்னவனூர், கிளாவரை பக்கம் அடிக்கடி போய்வரும் வேலை இருக்கிறது. அதற்காக நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி, ஒரு மாருதி ஜிம்னியோ, மஹிந்திரா தாரோ, பழைய மேஜர் ஜீப்போ கைக்கு வந்துவிட்டது. வண்டி வந்த வாரமே மனசில் எழும் கேள்வி: "டயரைக் கொஞ்சம் பெரிசாக்கிடலாமா?"

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம். கம்பெனி கொடுத்த உயரத்தை ஒட்டியே இருங்கள், டயரின் ரகத்தை மாற்றுங்கள், காத்து வைக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். அதற்கான காரணங்களையும், கடைக்குப் போகும்போது எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

சமவெளியில் பழகியவர்கள் ஏற்றத்தையும் பள்ளத்தையும் மனசில் வைத்து டயர் பார்ப்பார்கள். இந்த மலையில் டயர் அளவைத் தீர்மானிப்பது இறக்கமும் வளைவும்தான். ஏற முடியாத இடத்தில் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். பின்னால் எடுத்து வேறு தடம் பார்க்கலாம், கயிறு கட்டி இழுக்கலாம். இறக்கத்தில் பிடிக்காத பிரேக்குக்கும், கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடியாத ஸ்டியரிங்குக்கும் அந்த வசதி கிடையாது.

முதலில் பாதையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் வழக்கமான பயணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ ஏறி வருகிறீர்கள். அது முழுக்கத் தார் ரோடு. தோட்டத்து வாசலிலிருந்து உள்ளே போவது மட்டும்தான் மண்பாதை. பலருக்கு ஓடும் தூரத்தில் பெரும்பகுதி மழையில் நனைந்த, மூடுபனியில் ஈரமான தார் ரோடாகத்தான் இருக்கும். அதை மறந்துவிட்டு மண்ணுக்காக மட்டும் டயர் வாங்கினால், அதிக நேரம் ஓட்டும் இடத்தில் பிடிப்பு குறைந்த டயரோடு ஓட்டுவீர்கள்.

மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. கீழ்மலையில் காபி, மிளகு, மலைவாழைத் தோட்டங்களுக்குள் போகும் பாதைகளில் பெரும்பாலும் களி கலந்த செம்மண். காய்ந்திருக்கும்போது சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும், ஒரு மழை விழுந்தால் மேலே ஒரு விரல்கடை மட்டும் குழைந்து வழுக்கும், அடியில் அதே இறுக்கம். மேல்மலையில் பூம்பாறை, கூக்கால், கவுஞ்சி, மன்னவனூர் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் காடுகளுக்குப் போகும் வழியில் கரிய, பொலபொலப்பான மண் அதிகம்; அது ஆழமாகக் குழையும். பாதையைக் கெட்டிப்படுத்த உடைகல் கொட்டியிருக்கும் இடங்களும் உண்டு. அந்தக் கல்லின் கூர்முனை டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். இந்த மலைக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழை. டயர் மாற்றுவதாக இருந்தால் செப்டம்பருக்குள் மாற்றிவிடுவது நல்லது. அந்த மழையைத் தேய்ந்த டயரோடு எதிர்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் வண்டி இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் தடம் தேடிப் போகக்கூடாது. இந்த மலையின் ஒரு பெரிய பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். சோலைக்கும் புல்வெளிக்கும் ஒரு டயர்த் தடம் விழுந்தால் அடுத்த மழையில் அது ஓடையாக அரிக்கும், ஆறவே ஆறாது. நீங்கள் ஓட்ட வேண்டியது உரிமையாளர் அனுமதித்த தோட்டப் பாதைகளிலும் ஊர்ப் பாதைகளிலும் மட்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பாதைகளைப் பற்றியதுதான்.

டயரில் இருக்கும் எண்ணைப் படிப்பது

ஜிம்னியின் டயரில் 195/80 ஆர் 15 என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது சைடுவாலின் (டயரின் பக்கச் சுவரின்) உயரம், அதாவது அகலத்தில் 80 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதை வைத்து டயரின் மொத்த உயரத்தை நீங்களே கணக்குப் போடலாம். 195-ல் 80 சதவீதம் 156. மேலும் கீழும் இரண்டு சைடுவால், ஆக 312. ரிம் 15 அங்குலம்; ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 381. இரண்டையும் கூட்டினால் 693 மி.மீ. இதுதான் ஜிம்னி டயரின் முழு உயரம், ஏறத்தாழ 27.3 அங்குலம்.

2020-ல் வந்த தாரில் இரண்டு அளவுகள் பார்க்கலாம். 245/75 ஆர் 16 போட்டது ஒன்று, 255/65 ஆர் 18 போட்டது இன்னொன்று. முதலாவதின் உயரம் 774 மி.மீ., இரண்டாவது 789. பார்வைக்கு 18 அங்குல அலாய் வீல் பெரிசாகத் தெரியும், ஆனால் மண்பாதைக்கு நான் 16-ஐத்தான் சொல்வேன். முதலாவதின் சைடுவால் 184 மி.மீ., இரண்டாவதின் சைடுவால் 166. அந்தப் 18 மி.மீ. கூடுதல் ரப்பர்தான் கல்லில் மோதும்போது அமுங்கிக் கொடுக்கிறது, காத்தைக் குறைக்கும்போது தரையில் படிந்து பிடிக்கிறது. 18 அங்குல ரிம்மோடு தார் வாங்கியவர்கள் தோட்டத்துக்கென்று 16 அங்குல இரும்பு ரிம் செட் ஒன்று எடுத்து மாற்றுவது யோசிக்கத் தக்க விஷயம். அதே வண்டிக்குக் கம்பெனி கொடுக்கும் அளவு அது. ஆனாலும் உங்கள் வண்டியின் பிரேக்கில் ரிம் உரசாமல் சுற்றுகிறதா என்று ஒரு வீலைப் போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகே மற்ற நான்கையும் வாங்குங்கள்.

பழைய ஜீப்புகளில் 6.00-16 என்று எழுதியிருக்கும். 6 அங்குல அகலம், 16 அங்குல ரிம், நடுவே ஆர் இல்லாததால் நைலான் டயர், உள்ளே டியூப். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒல்லி டயரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உயரம் கூட்டினால் என்ன கிடைக்கும், என்ன போகும்

டயர் உயரத்தைக் கூட்டினால், கூடியதில் பாதிதான் வண்டிக்குக் கீழே இடமாகக் கிடைக்கும். ஜிம்னிக்குப் பலர் போடும் 215/75 ஆர் 15-ன் உயரம் 703.5 மி.மீ. பழைய டயரைவிடப் பத்தரை மி.மீ. அதிகம். ஆக்ஸில் அடியில் கிடைப்பது ஐந்து மி.மீ. சொச்சம். இன்னும் ஆசைப்பட்டு 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 733.5, அடியில் கிடைப்பது 20 மி.மீ. ஒரு விரலின் அகலம்.

அந்த ஒரு விரலுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 693 போய் 733.5 வந்தால் உயரம் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுகிறது. அதே அளவுக்கு ஒவ்வொரு கியரும் நீளமாகிவிடும். ஏற்றத்தில் வண்டி மந்தமாகும், முதல் கியருக்கு அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும். அது கூடப் பரவாயில்லை. இறக்கத்தில் கியரில் போட்டு இறங்கும்போது எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே ஆறு சதவீதம் குறையும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைப் பக்கம் இறங்குகிற மாதிரிக் குறுகலான, விடாத இறக்கத்தில் எஞ்சின் பிடியை நம்பித்தான் பிரேக்கைச் சூடேறாமல் காப்பாற்றுகிறோம். அந்தப் பிடி குறைந்தால் கால் பிரேக்கிலேயே இருக்கும். பெரிய டயரின் எடையும் அதிகம், அதைச் சுற்றவிடாமல் நிறுத்தவும் பிரேக்தான் அதிகம் உழைக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்கின்றன.

ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். முள் 50-ல் இருக்கும்போது வண்டி உண்மையில் 53-ல் போகும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகப் பதியும், சர்வீஸ் தள்ளிப்போகும்.

ஆகவே என் வரம்பு இது: உயரத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். ஜிம்னிக்கு 215/75 ஆர் 15 ஒன்றரை சதவீதம்தான், அதனால் அது சரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் சஸ்பென்ஷன் உயர்த்துவது, கியர் விகிதம் மாற்றுவது என்று வேலை நீண்டுகொண்டே போகும். புதிதாக வருபவர் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இந்த மலையில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும் அளவுதான் எந்தக் கேள்வியும் வராத அளவு. அதிலிருந்து விலகினால் விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்.

அகலமா, ஒல்லியா

தாண்டிக்குடிப் பக்கம் மழைக்காலத்தில் வாழைத்தார் ஏற்றிவரும் பழைய ஜீப்புகளைப் பாருங்கள். 6 அங்குல ஒல்லி டயர், வண்டி நிறையப் பாரம். செம்மண் மேலே குழைந்து கிடக்கும். அகலமான டயர் அந்தக் குழைவின் மேலேயே மிதந்து பக்கவாட்டில் நழுவும் இடத்தில், ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இறங்கி அடியில் இருக்கும் இறுகிய மண்ணைப் பிடிக்கும். டயர் விட்டுப் போன தடத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும்: இரண்டு பக்கமும் சேறு வரப்புப் போல ஒதுங்கியிருக்கும், நடுவே பட்டனின் (டயர் முகத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டையின்) அச்சு கெட்டி மண்ணில் தெளிவாகப் பதிந்திருக்கும். அந்த அச்சு தெளிவாக இருக்கும் வரை வண்டி பிடிப்போடு போகிறது என்று அர்த்தம். அச்சு மழுங்கி இழுபட்ட கோடாகத் தெரிந்தால் பட்டன்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

அகலமான டயர் உதவும் இடம் மணல், அடியில் கெட்டித் தரை எட்டாத ஆழமான சேறு. மேல்மலையின் பொலபொலப்பான கரிய மண்ணில் கொஞ்சம் அகலம் உதவும், ஆனால் அந்த உதவியைக் காத்தைக் குறைத்தும் பெறலாம். அகலம் கூடினால் ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், ஈரத் தார் ரோட்டில் தண்ணீரை ஒதுக்குவதும் சிரமமாகும். கம்பெனி அகலத்திலிருந்து பத்து, இருபது மி.மீ.க்கு மேல் கூட்ட வேண்டாம்.

ரிம் வாங்கும்போது

புதியவர்கள் பணத்தை இழக்கும் இடம் இது. பார்க்க அழகாக இருக்கிறதென்று ரிம் வாங்கிவிட்டு, அப்புறம் அது பொருந்தவில்லை என்று தெரியும். நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்.

போல்ட் வட்டம்: எத்தனை போல்ட், அவை இருக்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பது. ஜிம்னிக்கு ஐந்து போல்ட், 139.7 மி.மீ. பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளுக்கும் ஜிப்ஸிக்கும் இதே கணக்குதான். ஆனால் போல்ட் வட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ரிம்மின் நடுத்துளை வண்டியின் ஹப்பில், அதாவது வீல் மாட்டும் நடுப்பகுதியில், சரியாக உட்கார வேண்டும். பெரிய துளை ரிம் போட்டால் வண்டியின் பாரம் முழுக்கப் போல்ட்டுகளின் மேல் விழும், ஸ்டியரிங்கும் ஆடும். நட்டின் அடிப்பக்கமும் பார்க்க வேண்டும். கூம்பு வடிவ நட்டுக்குச் செய்த ரிம்மில் தட்டை நட்டு போட்டால் ஓட்டத்தில் கழன்றுவிடும்.

நான்காவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. ரிம்மில் இ.டி. (ET) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணாகப் பொறித்திருக்கும். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க வண்டி அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் வீல் பேரிங்கின் மேல் நெம்பு விழும், கல்லில் ஒரு பக்கம் இடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். குறுகலான மலைப் பாதையில் பள்ளத்தின் ஓரத்தில் எதிர் வண்டிக்கு வழிவிடும்போது டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஆபத்தும் கூட. கம்பெனி ஆஃப்செட்டையே கேளுங்கள்.

ரிம்மின் அகலமும் டயருக்குப் பொருந்த வேண்டும். ஜிம்னியின் ரிம் ஐந்தரை அங்குல அகலம். 215/75 ஆர் 15-க்கு அதுதான் கீழ் எல்லை, அதனால் ரிம் மாற்றாமலே போடலாம். 235/75 ஆர் 15-க்கு ஆறு அங்குலமாவது வேண்டும். கடைக்காரர் "மாட்டிடலாம் சார்" என்பார். மாட்டலாம்தான், ஆனால் நடுப்பகுதி புடைத்து நின்று நடுவே மட்டும் தேயும், வளைவில் டயர் பக்கவாட்டில் ஒடிந்து ஆடும்.

இரும்பு ரிம்மா அலாயா என்றால், தோட்டப் பாதைக்கு இரும்பு ரிம். கல்லில் மோதினால் இரும்பு நெளியும், ஊரில் இருக்கும் பஞ்சர் கடையிலேயே தட்டி நிமிர்த்திக் காத்து நிற்கவைத்துவிடுவார்கள். அலாய் கடுமையாக அடிபட்டால் விரிசல் விடும், அதற்கு மலைமேல் எங்கேயும் வைத்தியம் கிடையாது.

எந்த ரகம்

எச்.டி. (H/T) என்பது ரோட்டுக்கான டயர், ஏ.டி. (A/T) இரண்டுக்கும் நடுவில், எம்.டி. (M/T) சேற்றுக்கு. இந்த மலைக்கு ஏ.டி. வாங்குங்கள். எம்.டி. டயரின் பெரிய பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருக்கும், அதனால் சேற்றை உதறித் தள்ளும். ஆனால் ஈரமான தார் ரோட்டில், குறிப்பாக வளைவில் பிரேக் பிடிக்கும்போது, தரையில் படும் ரப்பர் குறைவு என்பதால் நழுவும். மூடுபனி நாளில் வத்தலக்குண்டு ரோட்டில் இறங்குவதை யோசித்துப் பாருங்கள். சத்தமும் அதிகம், தேய்மானமும் அதிகம். மழைக்காலம் முழுக்கத் தினமும் சேற்றில் மட்டும் ஓடும் தோட்ட வண்டிக்கு மட்டும்தான் எம்.டி. நியாயம்.

ஏ.டி. வாங்கும்போது சைடுவாலைக் கையால் அமுக்கிப் பாருங்கள், தோள் பகுதியில் பட்டன் கொஞ்சம் பக்கவாட்டிலும் இறங்கி வருகிறதா என்று பாருங்கள். உடைகல் பாதையில் காப்பாற்றுவது அந்தப் பகுதிதான். நடுவில் ஏறிய ஆணியைப் பஞ்சர் ஒட்டலாம், சைடுவால் கிழிந்தால் ஒட்ட முடியாது.

அளவுக்குப் பிறகு வரும் எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 96 எஸ் என்றால், 96 என்பது ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு, 710 கிலோ. 100 என்றால் 800 கிலோ. எஸ் என்பது வேகம், 180 கி.மீ. கம்பெனி டயரில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை வாங்கவே கூடாது. உர மூட்டையும் ஆட்களும் ஏற்றுபவர்கள் ஒரு படி கூட்டி வாங்கலாம்.

அப்புறம் தேதி. பக்கவாட்டில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வழக்கமில்லாத அளவு கேட்கும்போது கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்த டயரைத் துடைத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து வெளிநாட்டு டயரில் விருப்பப்பட்ட அளவு எல்லா நேரமும் கிடைப்பதில்லை. இதையும் யோசித்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒரு டயர் கிழிந்தால் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அதே டயர் அன்றைக்கே கிடைக்குமா? கிடைக்காத அளவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மலையில் பிரயோஜனமில்லை.

உரசுகிறதா என்று பார்ப்பது

கம்பெனி அளவிலிருந்து கொஞ்சம் மாறினாலும் இதைச் செய்யாமல் மலை ஏறாதீர்கள். கடையின் சமதரையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து "உரசலை" என்று சொல்வது போதாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு முன்வீல் மேலே அமுங்கியிருக்கும், அதே நேரம் ஸ்டியரிங் முழுசாக ஒடிந்திருக்கும். அந்த நிலையில்தான் டயர் மட்கார்டின் உள்பக்கத்தையோ பம்பரின் ஓரத்தையோ தொடும்.

ஆகவே வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றுங்கள். முன்வீல் ஒன்றை ஒரு அடி உயரமுள்ள கெட்டியான திட்டில் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை ஒடிக்க, இன்னொருவர் எட்ட நின்று டார்ச் அடித்து உள்ளே பார்க்கட்டும். அதே ஒடிப்பில் ரிவர்ஸிலும் ஓர் அடி நகர்த்திப் பாருங்கள். சில வண்டிகள் பின்னால் போகும்போது மட்டும் உரசும். அப்புறம் மறுபக்கம். உள்பக்கம் சாக்பீஸ் தடவி வைத்தால் எங்கே தொட்டது என்று டயரிலேயே தெரியும்.

உரசினால் சிலர் ஸ்டியரிங் ஸ்டாப்பரைக் கூட்டி ஒடிப்பைக் குறைத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒடிப்பு குறைந்தால், ஒரே வீச்சில் திரும்பிய வளைவில் பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திரும்ப வேண்டிவரும், பின்னால் பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும். டயரைச் சின்னதாக்குங்கள்.

காத்து

அளவு தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையைக் காத்து செய்துவிடும். பண்ணைக்காட்டில் ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் பெரிய டயர் விசாரித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "தம்பி, இருக்கிற டயர்ல பத்து பாயிண்ட் காத்தை எறக்கிட்டு ஒரு தடவை மேல போயிட்டு வாங்க. அப்புறமும் வேணும்னா வாங்கிக்கலாம்."

மண்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, 30 பி.எஸ்.ஐ. இருப்பதை 20-க்கு இறக்குங்கள். ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டிக்கு 18 வரை போகலாம். டயர் நீளவாக்கில் தரையில் படிந்து பிடிக்கும், கல்லை உருட்டித் தள்ளாமல் அணைத்துக்கொண்டு ஏறும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காத்து குறைவாக இருக்கும்போது 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், ஸ்டியரிங்கைச் சட்டென்று வெட்டாதீர்கள். டியூப் போட்ட 6.00-16 டயரில் இந்த அளவுக்கு இறக்கக்கூடாது. ரிம்மின் மேல் டயர் வழுக்கிச் சுற்றி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலை காத்தைத் திரும்ப ஏற்றுவது. குறைந்த காத்தோடு மலை இறங்கினால் டயர் சூடேறும், வளைவில் வண்டி மிதக்கும். அதற்காக வண்டி பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்றும் நல்ல காத்து மீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். பெரிய டயருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியிலேயே இரண்டும் வந்துவிடும்.

மலை ஏறினால் காத்து மாறுமா என்று பலர் கேட்பார்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 1800 மீட்டர் அளவுக்கு ஏறுகிறோம். வெளியே காற்றழுத்தம் குறைவதால் மீட்டர் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 34 டிகிரி வெயிலில் வைத்த காத்து மேலே 14 டிகிரி குளிரில் ஏறக்குறைய அதே 3 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், அதனால் வழக்கமாக எதையும் தொட வேண்டாம். ஏறி முடித்த கையோடு சூடான டயரில் பார்த்தால் மட்டும் அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளம்பும் முன் பாருங்கள்.

மாற்றிய பிறகு

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்க வேண்டும், ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து. ஜிம்னி, தார், பழைய ஜீப் எல்லாவற்றிலும் ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் டயர் உயரம் வேறாக இருந்தால் ஒன்று முந்தப் பார்க்கும், மற்றது பிடித்து இழுக்கும். அந்த முறுக்கு முழுக்கக் கியர்களின் மேல் விழும். இதே காரணத்துக்காகக் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டவும் கூடாது. ஐந்து டயரையும் சுழற்சியில் மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்டெப்னி உட்பட எல்லாம் சமமாகத் தேயும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனமான டயராக மாறியிருந்தால் கீலையும் பூட்டையும் மாதம் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

பட்டனுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் மீதம் 1.6 மி.மீ.தான், சட்டப்படி அதற்கு மேல் ஓட்டக்கூடாது. ஈரமான மலைப் பாதைக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுங்கள்.

புது ரிம்மோ டயரோ போட்ட பிறகு அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துவிட்டு, முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் ஒருமுறை முடுக்குங்கள். புதுப் பெயின்ட் அமுங்கி நட்டு லேசாகத் தளரும், முதல் தோட்டப் பயணத்துக்குப் பிறகும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் புது நட்டுக்குப் பொருந்துகிறதா, ஜாக்கியின் உயரம் போதுமா என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு வீலைக் கழற்றி மாட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.